ஆறாவது பாட்டில்

பாடை தெருமுனை திரும்புவதற்குள் நாகவல்லி முதல் குடத்தைக் கவிழ்த்துவிட்டாள். சாவு எடுத்த வீட்டில் பழைய தண்ணீர் ஒரு சொட்டு நிற்கக்கூடாது. குடம், அண்டா, குளியலறை பக்கெட் எல்லாம் வாசலுக்கு வந்தன. சுடுகாட்டுக்குப் போக முடியாத பெண்கள் தங்கள் ஆத்திரத்தைத் தண்ணீரிடம்தானே காட்ட முடியும்.

சுவேதா தெருவையே பார்த்து நின்றாள். மேளச் சத்தம் வேப்பம்பட்டு ரயில்வே கேட் பக்கம் தேய்ந்த பிறகுதான் அவளுக்குப் பாட்டில்கள் நினைவுக்கு வந்தன. உள்ளே ஓடினாள். கட்டிலடியில் ஒன்றுமில்லை.

அப்பா துலுக்கானத்துக்குக் கொசஸ்தலை ஆற்றுப் பாலத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை. கயிற்றில் பாட்டிலை இறக்கிப் பிடித்து, நேரம் எழுதி ஒட்டி அனுப்புவார். ஆறு எவ்வளவு மண்ணை அடித்துக்கொண்டு போகிறது என்று அலுவலகத்தில் அதை வடிகட்டி, காயவைத்து, எடை போடுவார்கள். நேற்று வெள்ளம். பாலத்தடிக் கொட்டகைக்குள் தண்ணீர் ஏறிவிட்டதால் ஆறு பாட்டில்களையும் வண்டியில் கட்டி வீட்டுக்கே கொண்டுவந்தார். கட்டிலடியில் வைத்துவிட்டு, நெஞ்சை அடைக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

பின்பக்கம் துவைக்கிற கல்லில் ஐந்து பாட்டில்கள் மூடி திறக்காமல் வரிசையாக நின்றன. ஆறாவதை நாகவல்லி அத்தை தலைகீழாகப் பிடித்து உதறிக்கொண்டிருந்தாள்.

"அத்தே, கீழ வெய்யி அத."

"இன்னாடி, வெறும் சேத்துத் தண்ணி."

"அது அப்பா புட்ச்ச தண்ணி."

அத்தையின் கை அப்படியே நின்றது. சுவேதா பாட்டிலை வாங்கி ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். மாலை 3.20. வெள்ளம் உச்சத்தில் இருந்தபோது பிடித்தது. போயும் போயும் இதையா கொட்டவேண்டும்.

மூன்று மாதமாக அப்பாவின் பதிவேட்டில் வரிக்கு வரி சிவப்பு மையில் கேள்விக்குறி போட்டுவந்தான் புது இன்ஜினியர் தினகரன். துலுக்கானம் ஆற்றுக்கே போவதில்லை, வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறார் என்று மற்றவர்களிடமும் சொல்லியிருந்தான். நேற்று அந்த மழையில் எதற்கு என்று அம்மா தடுத்தபோது, "அந்தாளு வாய இன்னிக்கு அடைச்சிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அப்பா கிளம்பினார். இரண்டு மணிக்கு அந்தத் தினகரன் பாட்டில்களை எடுத்துப்போக வருகிறான். மணி ஒன்றே முக்கால்.

அத்தை தணிந்த குரலில் சொன்னாள். "அடில மண்ணு ஒட்டிகினு கீது பாரு. குழாத்தண்ணி ஊத்தி, இன்னும் ஒரு புடி மண்ணு போட்டுக் கலக்கிடு. யாருக்குத் தெரியப் போவுது? எங்கண்ணன் பேரு கெடக் கூடாது."

சுவரில் சாய்ந்திருந்த அம்மா பொன்னியம்மாவும் தலையைத் தூக்கினாள். "செய்யி சுவேதா. உசுர உட்டுப் புட்ச்சதும்மா அது."

சுவேதாவுக்கும் அதுதான் சரியென்று பட்டது. குழாயைத் திறந்து பாட்டிலை நீட்டினாள். அவசரத்தில் தண்ணீர் வாய்க்குள் விழாமல் சீட்டின்மேல் வழிந்தது. அப்பாவின் எழுத்து கரைய ஆரம்பித்தது. சட்டென்று குழாயை மூடிவிட்டாள்.

எட்டு வயதில் ஒருநாள் அப்பாவோடு பாலத்துக்குப் போனவள் ஒரு பாட்டிலைத் தட்டிவிட்டாள். அப்பா திட்டவில்லை. வேறு தண்ணீர் பிடித்து அதில் ஊற்றவுமில்லை. பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில், 'சிந்தியது. காரணம்: மகள்' என்று எழுதினார். அன்று வீடு வரும்வரை அவள் அழுதாள்.

தெருவில் ஜீப் வந்து நின்றது.

அப்பாவின் பையிலிருந்து பதிவேட்டை எடுத்து, ஆறாவது வரியில் அவளே எழுதினாள்.

தினகரன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். அம்மாவுக்குக் கை கூப்பினான். ஐந்து பாட்டில்களையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். ஒவ்வொன்றிலும் அடியில் விரற்கடை உயரத்துக்கு வண்டல் படிந்திருந்தது. பிறகு பதிவேட்டைப் பிரித்தான்.

'சிந்தியது. காரணம்: வீட்டில் சாவு.'

"யாரும்மா எழுதனது?"

"நான்தான் சார். எங்க கைத்தப்பு. அவரு மூணு இருபதுக்குப் புட்ச்சாரு."

அவன் துவைக்கிற கல்லைப் பார்த்தான். கொட்டிய இடத்தில் சேறு இன்னும் ஈரமாக இருந்தது. சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தான். என்ன நினைத்தானோ, அதைத் திரும்பச் செருகிக்கொண்டு, "உங்க பேனா குடுங்க" என்றான். ஆறு வரிக்கும் கீழே கையெழுத்துப் போட்டான்.

பாட்டில்களை டிரைவரிடம் கொடுக்கவில்லை. "ரோடு மோசம், குலுங்கும்" என்று சொல்லி ஐந்தையும் மடியில் வைத்துக்கொண்டு போனான்.

நாகவல்லி மறுபடி துடைப்பத்தை எடுத்தாள். வாசல், கூடம், அடுப்படி, பின்பக்கம் என்று வீடு முழுக்கத் தண்ணீர் விட்டுக் கழுவினாள். சேறு கிடந்த துவைக்கிற கல் வந்ததும் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு அதைச் சுற்றிப் போனாள்.