கதோகோ வீட்டு வாசல் ஸ்டாப்பிங்

கதோகோ சாலைத் துறையில் பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருந்த காலம் முழுக்கத் தம் ஊரான கியாங்கோமாவுக்குத் தார்ச்சாலை வரவில்லை. அவர் ஓய்வு பெற்ற மறுவருஷமே வந்துவிட்டது. நைரோபி வரை வழுவழுவென்று போன அந்தச் சாலையைத் தம் சாதனை என்றே அவர் சொல்லிக்கொண்டார். நாற்காலியைக் காலி செய்ததும் ஒரு பங்களிப்புதானே.

பெரிய மனிதர் வீட்டு முன்னால் வண்டிகள் பறப்பது மரியாதையில்லை என்று, பழைய செல்வாக்கை வைத்துத் தம் கேட்டுக்கு நேரே ஒரு வேகத்தடை போடவைத்தார். அது யானை முதுகுபோல் அமைந்தது. ஊர் ஊராக ஆளேற்றும் மடாட்டு வேன்கள் அதன் முன்னால் நின்று, மூச்சு வாங்கித்தான் ஏறின. நின்ற வண்டியிலிருந்து ஆட்கள் இறங்கினார்கள். இறங்குகிற இடத்துக்கு ஏறவும் வந்தார்கள். கொஞ்ச நாளில் கலோண்டு என்பவள் அங்கே அடுப்பு வைத்துச் சோளக்கதிர் சுட்டு விற்றாள். கண்டக்டர் ஒடுயா வேன் படியில் தொங்கிக்கொண்டு, "கதோகோ எறங்கு, கதோகோ எறங்கு" என்று ஊருக்கே கேட்கக் கத்தினான். அதைக் கேட்கும்போதெல்லாம் தம்மையே யாரோ வேனிலிருந்து பிடித்துத் தள்ளுவதுபோல் கதோகோவுக்கு இருந்தது.

சனிக்கிழமை மகள் முக்காமிக்குப் பரிசம் பேச மாப்பிள்ளை வீட்டார் வரப்போகிறார்கள். பையனின் அப்பா முகோ முன்கோபி. போன வருஷம் ஒரு வீட்டில் மரியாதை குறைந்தது என்று பேச்சை முறித்து எழுந்து போனவர்.

"அவங்க முன்னாடி இந்தச் சந்தையா?" என்று கதோகோ மனைவி வஞ்சிராவிடம் பொருமினார். "திங்கக்கெழம இந்தத் தடைய இடிக்கச் சொல்லிட்டேன்."

"சனிக்கெழம முடிஞ்சப்புறம் இடிச்சு யாருக்குங்க லாபம்?" என்றாள் வஞ்சிரா.

சனிக்கிழமை வழக்கப்படி கேட்டைச் சாத்தி, வீட்டுப் பெண்கள் உள்ளே நின்று பாடினார்கள். வெளியிலிருந்து மாப்பிள்ளை வீட்டாரின் பதில் பாட்டு வந்தால்தான் திறக்க வேண்டும். வந்தது, அதுவும் நாலு சுருதியில். கேட் திறந்தது. பளபளவென்று உடுத்திய பெண்கள் கூட்டமாக நுழைந்து உட்கார்ந்தார்கள். முகிமோ மசியலும் ஆட்டுக்கறியும் பரிமாறியானதும் கதோகோ எழுந்து, தம் பரம்பரை, பதவி, சாலை எல்லாவற்றையும் விரிவாகச் சொல்லிவிட்டுக் கேட்டார்:

"பையனோட அப்பா எங்க?"

"எந்தப் பையன்ங்க?" என்றாள் முன்வரிசைப் பெண், எலும்பைக் கீழே வைக்காமலே. "நாங்க சர்ச்சு பாட்டுக் கோஷ்டி. திக்காவுக்குப் போகணும், வேன் இன்னும் வரல. உள்ள பாடுனீங்க, நாங்களும் பாடுனோம்."

கதோகோ வெளியே ஓடினார். வேனுக்குக் காத்திருக்கும் வரிசையில் மாப்பிள்ளை வீட்டார் ஒழுங்காக நின்றிருந்தார்கள். பயணிகள் என்று நினைத்து ஒடுயா நிற்க வைத்திருந்தான். முகோ மட்டும் கலோண்டுவின் பெட்டிமேல் உட்கார்ந்து சோளம் தின்றுகொண்டிருந்தார்.

"மன்னிக்கணும் சம்பந்தி" என்றார் கதோகோ. "உள்ள வாங்க."

"இருங்க, பாதிக் கதிர் இருக்கு" என்றார் முகோ. "அஞ்சு பசங்களுக்குப் பொண்ணு கேட்டுப் போயிருக்கேன். எல்லா வீட்டுலயும் கேட்டுல நிக்கத்தான் வச்சாங்க. இங்கதான் உக்கார எடம் குடுத்திருக்காங்க. யாரோட ஏற்பாடு இது?"

"இவரோடதுதான்" என்றாள் கலோண்டு. "ஸ்டாப்பிங் பேரே இவரு பேருதான் பெரியவரே."

முகோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தார். "பேர் வைக்கிற அளவுக்கா?"

கதோகோ சுற்றிலும் பார்த்தார். கேட்டருகே நின்ற வஞ்சிராவின் பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

"ஜனங்களுக்குன்னு ஏதோ நம்மாலானது" என்றார்.

"அப்ப ஒரு கூரையும் போட்டுக் குடுத்துருங்க ஐயா" என்றான் ஒடுயா. "மழையில நனையுறோம்."

முகோ பதிலுக்காகக் கதோகோவின் முகத்தையே பார்த்தார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி போட்டுரலாம்" என்றார் கதோகோ.

"ரெண்டு பெஞ்சும் போடுங்க" என்ற முகோ, சம்பந்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தார். "சரி, பரிசத்துக்கு எத்தன ஆடுன்னு பேசலாமா?"

வஞ்சிரா அதற்குள் வேறு கறியை அடுப்பில் ஏற்றியிருந்தாள்.