மானுக்கு ஒரு சாண் தள்ளி

வீரமுத்து விட்ட அம்பு 1997ஆம் வருடம் தை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு வில்லை விட்டுக் கிளம்பி, ஒரு புள்ளிமானின் வலது விலாவுக்கு ஒரு சாண் தள்ளி வந்து நின்றது. அதன் பிறகு பத்து வருடம் ஒன்பது மாதம் அது கீழே விழவுமில்லை, மேலே தைக்கவுமில்லை. மான் நடந்தால் கூடவே நடந்தது, ஓடினால் ஓடியது, தண்ணீர் குடிக்கக் குனிந்தால் காத்துக்கொண்டு நின்றது. அந்த வருடம் ஆவாரங்குடியில் பருத்தி சுமார், மக்காச்சோளம் பரவாயில்லை.

குரும்பலூருக்கு வடக்கே இருக்கும் அந்த ஊரில் பொங்கல் முடிந்ததிலிருந்து தை கடைசி வரைக்கும் வேட்டைக் காலம். வேட்டை என்றதும் பயந்துவிட வேண்டாம். நூறு பேர் கொட்டுமேளத்தோடு காட்டுக்குள் நுழைந்தால் எந்த முயல் அங்கே நிற்கும்? கடைசி வெள்ளியன்று அய்யனார் குதிரையேறிப் பாரிவேட்டைக்குப் புறப்படுவார். அவருக்குப் பதிலாக அம்பு விடும் உரிமை வீரமுத்துவின் குடும்பத்துக்கு. மஞ்சள் துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் விட வேண்டும். எது அடிபடுகிறதோ அது அய்யனார் கேட்டது, விட்டவனுக்குப் பாவமில்லை என்பது ஏற்பாடு. வீரமுத்துவின் தாத்தாவும் அப்பாவும் அறுபது வருடம் விட்டதில் அடிபட்டது ஒரு பனைமட்டையும், ஒரு தடவை பூசாரியின் குடையும்தான். அம்பு விழுந்ததும் பெண்கள் குலவை போடுவார்கள், சுண்டல் கொடுப்பார்கள், கூட்டம் கலைந்துவிடும்.

அந்த வருடம் வீரமுத்துவின் பெண்டாட்டி பரிமளாவின் அண்ணன் தங்கராசு வந்திருந்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன். கண்ணைக் கட்டும்போது காதோரம் வந்து, “மாப்ள, ஒங்க வம்சத்துல ஒருத்தராச்சும் ஒரு ஓணான அடிச்சிருக்கீங்களா? இதுக்குப் பரிவட்டம் வேறயா?” என்றான். வீரமுத்து சாதுவான ஆள்தான். ஆனால் மச்சான் கேலி செய்வதைத் தாங்கும் அளவுக்கு இல்லை. கட்டுக்குக் கீழே அரை விரல் இடைவெளி விட்டுக்கொண்டான். வெட்டி முடித்த சோளக்கொல்லையின் ஓரத்தில், தண்ணீர் தேடி மலையிலிருந்து இறங்கிய ஒரு பெண்மான் நின்றது. அது வாலைத் தூக்கிய கணத்தில் வாலடி வெள்ளை பளிச்சென்று தெரிந்தது. வீரமுத்து பார்த்தே அம்பை விட்டான். விட்டதோடு குற்றம் அவனுடையதாகிவிட்டது என்பது அவனுக்கு அப்போதே தெரியும். அம்பு அந்தரத்தில் நின்றதை ஊரே பார்த்தது. பெண்களுக்குக் குலவை போடுவதா வேண்டாமா என்று புரியவில்லை. பூசாரி மட்டும் சுண்டல் ஆறுகிறது என்றார்.

மறுநாள் வனக்காவலர் பாலசுந்தரம் சைக்கிளில் வந்தார். நேர்மையான மனிதர், படிவங்களை மதிக்கிறவர். டேப்பை வைத்து அம்பு முனைக்கும் மானுக்கும் நடுவே அளந்து இருபத்தைந்து சென்டிமீட்டர் என்று குறித்துக்கொண்டார். படிவத்தில் ‘வேட்டை நடந்தது / நடக்கவில்லை, ஒன்றை அடிக்கவும்’ என்று இருந்தது. அரைமணி நேரம் யோசித்துவிட்டு இரண்டையும் அடித்து, ஓரத்தில் ‘நடந்துகொண்டிருக்கிறது’ என்று எழுதினார். அந்த ஒரு சொல்தான் பத்து வருடம் வழக்கை நடத்தியது. நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: அம்பு மானைத் தொட்டால் ஏழு வருடம், தொடாமல் கீழே விழுந்தால் விடுதலை, அதுவரை அம்பு சான்றுப் பொருள், யாரும் அதை நகர்த்தக் கூடாது. அதற்கு முன்பே ஆறு பேர் சேர்ந்து அதை இழுத்துப் பார்த்திருந்தார்கள். கயிறு கட்டி டிராக்டரில் பூட்டியதில் டிராக்டரின் பின்சக்கரம்தான் புதைந்தது. ஆனாலும் உத்தரவு உத்தரவுதானே. ஜாமீன் நிபந்தனைப்படி ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை வீரமுத்து வன ஆபீசுக்குப் போய், மான் இன்ன இடத்தில் இன்ன நிலையில் இருக்கிறது என்று சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அதைச் சொல்ல மானைக் கண்டுபிடிக்க வேண்டுமே. இப்படித்தான் வீரமுத்து அதன் பின்னால் அலைய ஆரம்பித்தான். முதல் வருடம் எரிச்சலோடு அலைந்தான். இரண்டாம் வருடம் அதன் குளம்படியை ஆட்டின் குளம்படியிலிருந்து பிரித்தறியத் தெரிந்துகொண்டான். மூன்றாம் வருடம் அதற்குப் பிடித்தது கொன்றைக்காய் என்று தெரிந்து மடியில் கட்டிக்கொண்டு போனான். அது மூன்று முறை குட்டி போட்டது. குட்டிகள் எல்லாம் இடப்பக்கமாக நின்றே பால் குடித்தன. அதுவும் இடப்பக்கமாகவே படுத்தது, ஒரு கண்ணைத் திறந்தபடி. அந்தக் கண்ணைப் பார்த்ததும் வீரமுத்து கொன்றைக்காயை வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வான். “அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒங்களுக்கு ஏழு வருசங்க, மறந்துடாதீங்க” என்று பரிமளா சொல்லுவாள். அவன் மறக்கவில்லை. ஆனால் தன் ஏழு வருடத்தை நினைத்துத்தான் தூக்கம் போகிறதா, அந்தக் கண்ணை நினைத்துப் போகிறதா என்று அவனாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பாலசுந்தரம் வருடா வருடம் தை கடைசியில் வந்து அளந்தார். இருபத்து நாலு, இருபத்து மூன்று. அம்பு மெல்ல நெருங்குகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. மான் நடக்கும் வரைக்கும் இடைவெளி மாறுவதில்லை. நின்றால் நூலிழை அளவு குறைகிறது. பாலசுந்தரம் இதை மேலிடத்துக்கு எழுதினார். அளவு நாடாவை மாற்றிப் பார்க்கும்படி பதில் வந்தது.

2001ஆம் வருடம் ஜனவரி ஒன்றாம் தேதி பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து அரியலூர் மாவட்டம் பிரிந்தது. அன்று காலையில் மான் சரியாக எல்லையில் போய் நின்றது. முன்னங்கால், பின்னங்கால், வால் எல்லாம் புது மாவட்டம். அம்பு பழைய மாவட்டம். இரண்டு பக்கத்து ஜீப்புகளும் வந்தன. எய்த அம்பு எங்களிடம் இருப்பதால் வழக்கு எங்களுடையது என்றார் ஒருவர். மான் எங்களுடையது, மானில்லாமல் வழக்கேது என்றார் இன்னொருவர். டீ வாங்கி வரச் சொன்னார்கள். டீ வருவதற்குள் மான் முந்திரிக்காட்டுக்குள் போய்விட்டது, அம்பும் எல்லையைத் தாண்டியது. அந்தச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் கோப்பு மட்டும் பழைய மாவட்டத்தில் இருந்தது, மாற்றலுக்கு எழுதிப் பதினைந்து மாதம் ஆனது. கோப்பு அரியலூருக்குப் போய்ச் சேர்ந்த வாரத்தில் இரண்டு மாவட்டத்தையும் மறுபடி ஒன்றாக்கிவிட்டார்கள். அதைக் கொண்டுபோன ஆளே திருப்பிக் கொண்டுவந்தார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்ததாகப் பின்னால் சொன்னார்.

இதற்குள் மான் பிரபலமாகிவிட்டது. ஒரு மே மாதம் அது ஏலாக்குறிச்சி மாதா கோவில் பக்கம் போய் நின்றபோது, பஸ்ஸில் வந்த யாத்திரைக் கூட்டம் அதற்கு வெள்ளரிக்காய் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பியது. லாரிக்காரர்கள் அது ரோட்டைக் கடக்கும்போது, மானுக்கு ஒரு தரம், அம்புக்கு ஒரு தரம் என்று இரண்டு தடவை ஹாரன் அடித்தார்கள். முதல் ஐந்து வருடம் தான் அந்த வெள்ளிக்கிழமை ஊரிலேயே இல்லை என்று சத்தியம் செய்துகொண்டிருந்த தங்கராசு, 2006 உள்ளாட்சித் தேர்தலில் ‘அம்பை நிறுத்திய அண்ணன்’ என்று சுவரெல்லாம் எழுதி வார்டு உறுப்பினரானான். வீரமுத்துவைப் பார்த்தால், “எல்லாம் அய்யனார் செயல் மாப்ள” என்று மட்டும் சொல்லுவான். வீரமுத்து தலையாட்டிவிட்டு நடையைக் கட்டுவான். கண்ணைத் திறந்தது மச்சான் இல்லையே.

2007 தையில் அளந்தபோது பன்னிரண்டு இருந்தது. அந்த வருடம் மானுக்கு வயதாகிவிட்டது. பல் தேய்ந்து, பின்னங்கால் வீங்கி, காலையில் நின்ற இடத்தில் மதியமும் நின்றது. நிற்க நிற்க அம்பு நெருங்கியது. ஆடியில் ஒன்பது, புரட்டாசியில் ஆறு. வீரமுத்து வேறு வழியில்லாமல் அதை நடத்த ஆரம்பித்தான். வீட்டு மாட்டை ஓட்டுவது போலப் பின்னால் நின்று கையைத் தட்டிக்கொண்டு, “நட தாயி, இன்னுங் கொஞ்சம் நட” என்று கெஞ்சிக்கொண்டே குரும்பலூரிலிருந்து ஜெயங்கொண்டம் வரைக்கும் நடத்திப் போனான், திருப்பி நடத்திக் கொண்டு வந்தான். வெடித்த பருத்தியை எடுக்க ஆளில்லாமல் பரிமளா தனியாக எடுத்தாள். திட்டவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்துக் கம்பங்கூழ் கொடுத்துவிட்டாள். மானுக்குக் கூழ் பிடிக்கவில்லை.

வக்கீல் கெட்டிக்காரர். அவர் ஒரு யோசனை சொன்னார். “அது இன்னும் ரெண்டு நாள் தாங்காது. நீ பேசாம வெளியூர் போயிரு. பஸ் டிக்கெட்ட பத்திரமா வச்சுக்க. தொட்ட நேரத்துல ஆளு ஊர்லயே இல்லன்னு நான் வாதாடுறேன். ஜட்ஜே யோசிப்பாரு.” வீரமுத்து சரி என்றான். அரியலூர் மாவட்டம் இரண்டாவது தடவையாகப் பிறந்த நவம்பர் இருபத்து மூன்றாம் தேதி காலையில், சோளம் வெட்டி முடித்த கொல்லையில் மானை விட்டுவிட்டு பஸ் ஏறினான். டிக்கெட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். டவுனில் வெடி போட்டுக்கொண்டிருந்தார்கள். நாலாவது ஸ்டாப்பில் இறங்கிவிட்டான். எதற்கு இறங்குகிறாய் என்று கண்டக்டர் கேட்டதற்கு, ஒரு சாமானை மறந்து வைத்துவிட்டேன் என்றான். ஒன்பது கிலோமீட்டர். நடந்தும் ஓடியும் போனான்.

மான் படுத்துவிட்டிருந்தது. எழுப்பினான், எழவில்லை. கையைத் தட்டினான், காது மட்டும் அசைந்தது. முனைக்கும் தோலுக்கும் நடுவே மூன்று விரற்கடை இருந்தது. பார்க்கப் பார்க்க இரண்டரை ஆனது. பாலசுந்தரம் டேப்போடு பக்கத்தில் நின்றார். அடுத்த மாதம் அவருக்கு ஓய்வு. “தொடப்போவுது வீரமுத்து, நீ இங்க இருக்கக் கூடாதுய்யா. நான் ஒன்னப் பாத்ததா எழுதணும்” என்றார். “எழுதுங்க சார்” என்று சொல்லிவிட்டு வீரமுத்து மானின் பக்கத்தில் உட்கார்ந்து, வலது உள்ளங்கையை அந்த இடைவெளியில் நுழைத்தான். இத்தனை வருடத்தில் அந்த உடம்பு அவன் கைக்கு அவ்வளவு பக்கத்தில் வந்தது அதுதான் முதல் தடவை. காய்ச்சல்காரனைப் போலச் சுட்டது. அம்பு வந்தது, தொட்டது, உள்ளங்கையில் ஏறியது, நடுவில் நின்றது. ரத்தம் அதிகமில்லை. வலி இருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டான். மான் திரும்பிப் பார்த்தது. தன் பக்கத்தில் அம்பு இல்லை என்று அதற்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு வலப்பக்கமாகப் புரண்டு, இரண்டு கண்ணையும் மூடித் தூங்கியது. மறுநாள் மத்தியானம் வரைக்கும் தூங்கியது. வீரமுத்து அழுதான், கை வலித்ததால் இல்லை.

பாலசுந்தரம் எல்லாவற்றையும் ஒரு வரி விடாமல் எழுதினார். மான் தொடப்படாததால் வேட்டை வழக்கு தள்ளுபடியானது. அதே நாளில் வீரமுத்து மீது இரண்டு புது வழக்குகள் பதிவாயின: சான்றுப் பொருளைச் சேதப்படுத்தியது, தன்னைத்தானே அம்பால் கொல்ல முயன்றது. அம்பை எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனான். நீதிமன்ற உத்தரவில்லாமல் சான்றுப் பொருளில் கை வைக்க முடியாது என்று டாக்டர் கும்பிட்டுவிட்டார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் சான்றுப் பொருளைத் தவறாமல் கொண்டுவர வேண்டும் என்று நீதிமன்றமும் சொல்லிவிட்டதால், வீரமுத்து கையோடு கொண்டு போகிறான். சீல் ஒட்டிய சீட்டு அம்பின் வால்பக்கம் தொங்குகிறது. பரிமளா அவன் சட்டைக் கையைத் தோள் வரைக்கும் பிரித்துப் பட்டன் வைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறாள். பஸ்ஸில் கூட்டமாக இருக்கும் நாளில் பக்கத்தில் நிற்பவர்கள் கேட்டுவிட்டு அம்பில் பையை மாட்டிக்கொள்வார்கள். கனமில்லாத பையாக இருந்தால் அவன் சரி என்பான்.

மார்கழியில் முதல் வாய்தா. குற்றம் சாட்டப்பட்டவர் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டபோது, வக்கீல் கண்ணைக் காட்டியும் கேட்காமல், வீரமுத்து அம்பேறிய கையைத் தூக்கிக் கும்பிட்டு, “பத்து வருசமா மான் எங்க, எப்புடி இருக்குன்னு மாசாமாசம் கேட்டீங்க சார். இப்ப யாருமே கேக்கறதில்ல” என்றான். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சரி சொல், எப்படி இருக்கிறது என்றார். “நல்லா தூங்குதுங்க” என்றான் வீரமுத்து. அது பதிவு செய்யப்பட்டது. அடுத்த வாய்தா தை மாதத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டது.