திவானில் சொன்னது

எங்கள் புடாபெஸ்ட் பயிற்சி நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. உளப்பகுப்பாய்வு கற்பவர் முதலில் தானே ஓர் ஆய்வாளரின் திவானில், அதாவது சாய்மெத்தையில், படுத்து, வருடக்கணக்கில் மனதைத் திறந்து பேச வேண்டும். இது எல்லா ஊரிலும் உள்ளதுதான். பிறகு, மற்ற ஊர்களில், தன் முதல் நோயாளியைப் பற்றி ஆலோசனை கேட்க வேறொருவரிடம் அனுப்புவார்கள். எங்களிடம் அதற்கும் அதே ஆய்வாளர்தான். திங்கள், புதன் திவான். வெள்ளிக்கிழமை அதே அறையில் அவருக்கு எதிரே நாற்காலி. நாற்காலியில் பேசுவது நோயாளி விஷயம். தேர்வுக் குழுவுக்குப் போகும். திவானில் பேசுவது எங்கும் போகாது.

என் ஆய்வாளர் டாக்டர் பார்டோஷ். நான்கு வருடம் அவரிடம் போனேன்.

அக்டோபரில் குழு கூடியது. தேறினால் இனி நானே தனியாக நோயாளிகளைப் பார்க்கலாம். சுவரில் நிலையத்தைத் தொடங்கியவர்களின் படங்கள். அவற்றின் கீழே தலைவி டாக்டர் ஹல்மோஷ்.

"உக்காரு எமோகெ. பயப்படாதே, இங்க யாரும் உன்னைப் படுக்கச் சொல்ல மாட்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். என் நோயாளியைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். மனைவியை இழந்த, அடிக்கடி இருமும் டிராம் ஓட்டுநர் அவர். தலையசைத்துக் கேட்டார்கள். பொகாச்சா ரொட்டித் தட்டு கைமாறிக்கொண்டிருந்தது. ஹல்மோஷ் விரலில் ஒட்டிய துணுக்கைத் தட்டிவிட்டுக் கேட்டார்:

"அவர் இருமினா, இன்னமும் மாடிப்படிக்கு ஓடிப்போய் நிக்கணும்னு தோணுதா?"

என் சிறுவயதில் அம்மாவுக்கு நுரையீரல் நோய். அவள் இருமத் தொடங்கினால் நான் வெளியே போய், இருமல் நிற்கும்வரை மாடிப்படியில் காத்திருப்பேன். ஒருநாள் இருமல் நின்றது. உள்ளே போனால் அம்மா உயிரோடு இல்லை. இதை ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருந்தேன்.

பார்டோஷ் மேசைக் கோடியில் ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

இன்னும் ஒரு வருடம் பயிற்சி என்று முடிவு செய்தார்கள்.

"ஒரு வருஷம்தானே பொண்ணே," என்றார் ஹல்மோஷ், வாசலில் கோட்டு மாட்டிக்கொண்டே. "படத்துல இருக்கிறவங்கள்ல பாதிப் பேர் நாட்டை விட்டே ஓடினவங்க. அதுக்கு முன்னால இது என்ன?"

திங்கட்கிழமை போனேன். திவானுக்குப் போகாமல் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"இன்னிக்கு திங்கள்," என்றார் பார்டோஷ்.

"தெரியும் டாக்டர். எங்கம்மா இருமலை ஏன் அவங்ககிட்ட சொன்னீங்க?"

அவர் பதறவில்லை. "அது வெள்ளிக்கிழமை சொன்னது. டிராம்காரர் இருமறதைப் பத்திப் பேசும்போது, இதே நாற்காலில. அதனாலதான் அறிக்கைல எழுதினேன்."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"நேத்து மாதிரி இருக்கு. எவ்வளவு நிதானமா சொன்னே! ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. தேறிட்டா இந்தப் பொண்ணுன்னு சந்தோஷப்பட்டேன்."

அதைச் சொன்ன அன்று கண்ணீர் இருபுறமும் வழிந்து காதுக்குள் போனது. எழுந்தபோது தலையணையில் விரித்திருந்த துணி நனைந்திருந்தது.

"அழுதேன் டாக்டர். அந்த மணி நேரம் முழுக்க. எதிர்ல உக்காந்திருந்தா பாத்திருப்பீங்க."

அவர் திவானைப் பார்த்தார். பிறகு அதன் தலைமாட்டுக்குப் பின்னால் இருக்கும் தன் இருக்கையைப் பார்த்தார். அங்கிருந்து தெரிவது என் தலைமுடி மட்டும்.

"அப்ப அது..."

"புதன்கிழமை."

பழக்கத்தில் அவர், "இப்ப மனசுல என்ன ஓடுது?" என்றார்.

எனக்கும் அதே பழக்கம்தான். பதில் நாக்கு நுனிவரை வந்தது. கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டு, மாடிப்படியில் நின்றேன்.