தொட்டியில் இரண்டு சுறா

"ஏண்டி குருவம்மா, உங்கப்பன் சுறாமீனுக்குச் சோறு ஊட்டுறானாமே, நெசமா?"

ஏலக்காய் பொறுக்கும் இடத்தில் ஜக்கம்மாள் இப்படிக் கேட்டதும் சுற்றியிருந்த பொம்பளைகள் எல்லாரும் சிரித்தார்கள். நான் முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நெசம்தான். ஆனால் யார் எது கேட்டாலும் எனக்கு வாய் வராது. வாத்தியார் எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்பார் என்ற பயத்திலேயே எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான்.

"சோறு இல்லக்கா, சாளை மீனாம். ஐஸ் பெட்டியில வருதாம்," என்றாள் அன்னக்கொடி.

"அப்ப அடுத்த பிறவியில முதலாளி வீட்டுச் சுறாவாப் பொறக்கணும்டி. பொறுக்குற சோலியும் இல்ல, புருசன் சோலியும் இல்ல," என்றாள் ஜக்கம்மாள்.

எங்கள் முதலாளி வெள்ளைத்துரைக்குப் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம், வீடு போடியில். கம்பத்து வியாபாரி ஒருவர் வான்கோழி வளர்ப்பதைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு, அதைவிடப் பெரிதாக ஒன்று வேண்டியிருந்தது. தூத்துக்குடியிலிருந்து இரண்டு சுறா வாங்கினார். பெரிய சாதி இல்லை. என் கை நீளம்தான் இருக்கும், உடம்பெல்லாம் பட்டை பட்டையாக. வீட்டுக்குப் பின்னால் சிமெண்டுத் தொட்டி கட்டி, உப்பு லாரியில் பீப்பாய் பீப்பாயாகக் கடல் தண்ணீர் இறக்கினார். பகலெல்லாம் இரண்டும் தொட்டியின் அடியில் கல்லோடு கல்லாகக் கிடக்கும். அப்பா மீன் துண்டைக் கம்பியில் குத்தி நீட்டினால் மட்டும் தலை தூக்கும்.

அப்பா ஒச்சப்பன் இருபது வருசம் தோட்டத்தில் மருந்தடித்தவர். முதுகில் மருந்துப் பம்போடு சரிவில் வழுக்கி விழுந்ததில் வலது முழங்கால் போய்விட்டது. மலை ஏற முடியாத ஆளை வைத்து என்ன செய்வது என்று கணக்கப்பிள்ளை கேட்டபோது முதலாளிதான், "சுறாவைப் பாத்துக்கிட்டுக் கெடக்கட்டும்" என்றார். தொட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு அறையும் கொடுத்தார். அம்மா செத்த பிறகு எனக்கும் அப்பாவுக்கும் இருந்த ஒரே இடம் அது. இந்தச் சோலி போனால் அறையும் போய்விடும். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

தண்ணீர், உப்பு, மோட்டார் எல்லாவற்றுக்கும் பொறுப்பு பிச்சைமணி அண்ணன். சுறாவோடு தூத்துக்குடியிலிருந்து வந்தவர். மாதம் இரண்டு முறை ஊருக்குப் போய்ப் புதுத் தண்ணீர் கொண்டுவருவார்.

சித்திரையில் தொட்டித் தண்ணீர் பச்சையாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கொச்சியிலிருந்து ஏலக்காய் வியாபாரிகள் வருவதாக இருந்தது. "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கணும். பாசியைக் காட்டவா நான் அவங்களைக் கூப்பிட்டேன்?" என்று முதலாளி கத்தினார்.

வெள்ளிக்கிழமை பிச்சைமணி அண்ணன் தண்ணீருக்குக் கிளம்பும்போது சொன்னார்: "தேங்காய் நாரை வச்சுச் சுவத்தைத் தேய்ங்க அண்ணாச்சி, போதும். வேற எதையும் உள்ள போட்றாதீங்க." பிறகு என்னைப் பார்த்து, "அப்பாவால இறங்க முடியாது. நீ இறங்கித் தேய் தங்கச்சி. அதுக ஒண்ணும் செய்யாது," என்றார்.

நான் தலையாட்டினேன்.

சனிக்கிழமை காலையில் நாரை எடுத்துக்கொண்டு தொட்டி விளிம்பில் உட்கார்ந்தேன். ஒரு காலை விட்டேன். அடியில் கிடந்த ஒன்று மெல்லத் திரும்பியது. காலை எடுத்துவிட்டேன். மத்தியானம் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்பா என்னைத் திட்டவில்லை.

"விடு ஆத்தா. பாசிக்காகவா ஒரு பிள்ளை பயந்து சாகணும்? மேல தோட்டத்துல தொட்டித் தண்ணி பச்சையாப் போனா நாங்க என்ன, நாரையா தேடுவோம்? துருசு இருக்குல்ல."

ஏலச்செடி அழுகாமல் இருக்கச் சுண்ணாம்போடு கலந்து அடிக்கும் நீல மயில்துத்தம்தான் துருசு. அதையே துணியில் முடிந்து தண்ணீருக்குள் இழுத்தால் பாசி செத்துப்போகும். தோட்டத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள்.

"அந்த அண்ணன் எதையும் போடக் கூடாதுன்னாரே," என்றேன்.

"கடக்கரைக்காரனுக்குத் துருசைப் பத்தி என்ன தெரியும்? வெரசா கொண்டா."

மருந்துக் கிட்டங்கியிலிருந்து நான்தான் எடுத்து வந்தேன். அப்பா முடிந்து கொடுத்தார். தொட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்து நான்தான் இழுத்தேன். காலை உள்ளே விட வேண்டியதில்லை என்ற நிம்மதிதான் எனக்கு அப்போது இருந்தது.

விடிந்தபோது தண்ணீர் தெளிந்துதான் இருந்தது. ஒரு சுறா வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தது. மற்றது ஒரு மூலையில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

உப்பு லாரி வந்து நின்றதும் பிச்சைமணி அண்ணன் ஓடி வந்தார், பின்னாலேயே முதலாளியும் வந்தார். உயிரோடு இருந்ததை அள்ளிப் புதுத் தண்ணீர்ப் பீப்பாயில் விட்டார். தொட்டி விளிம்பில் நீலமாகப் படிந்திருந்ததை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"ஐயா, யாரோ துருசு போட்டிருக்காங்க. இது சுறாவுக்கு விசம்."

முதலாளி அப்பாவைப் பார்த்தார். "ஒச்சப்பா?"

"எனக்குத் தெரியாதுங்க," என்றார் அப்பா. "மருந்துச் சாக்கு அதுமேல வச்சிருந்த கறையாத்தான் இருக்கும். இவரு போன தடவை கலந்த உப்புதான் கூடிப்போச்சோ என்னமோ."

அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பிச்சைமணி அண்ணன் என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீ நேத்து இங்கனதான இருந்த? நீ சொல்லு."

அப்பா எங்கள் அறை வாசலைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அந்த ஊமைப் பிள்ளையை எதுக்குடா மிரட்டுற?" என்றார் முதலாளி. "அதுக்குப் பொய் சொல்லவும் தெரியாது, புரணி சொல்லவும் தெரியாது. ஏதாவது நடந்திருந்தா அது மொகமே காட்டிக் குடுத்திரும். உன் தப்பை இருபது வருசமா என்கிட்ட உழைச்சவன் தலையில கட்டுறியா? மூட்டையைக் கட்டு. வேற ரெண்டு வாங்கிக்குவேன், விவரம் தெரிஞ்ச ஆளா வச்சு."

அப்பா அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். மேற்கொண்டு விசாரணையே இல்லை. வியாபாரிகளுக்கு இலை போடும் சத்தம் கேட்டது.

பிச்சைமணி அண்ணன் உடனே கிளம்பவில்லை. பீப்பாய்க்குள் இரண்டு கையையும் விட்டுச் சுறாவை ஏந்தி, முன்னும் பின்னும் நடத்திக்கொண்டே இருந்தார். வாய் வழியே தண்ணீர் ஓடினால் பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்தாரோ என்னவோ. வெயில் உச்சிக்கு வந்தபோது கையை நிறுத்தினார். அது அசையவில்லை.

அவர் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு லாரிக்கு நடந்தபோது நான் பின்னாலேயே போனேன். அவர் படியில் கால் வைத்துவிட்டார்.

"நான்தான் அண்ணே," என்றேன். "துருசை நான்தான் இழுத்தேன்."

திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு முதலாளி வீட்டு வாசலைப் பார்த்தார். வாசல் திறந்துதான் இருந்தது. பத்தடி நடந்தால் போதும். அவர் கூப்பிட்டிருந்தால் நான் உள்ளே போயிருப்பேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ணுவேனா, தெரியவில்லை.

"ஏறுப்பா, லோடு எடுக்கணும்," என்றான் டிரைவர்.

முதலாளியைக் கூப்பிடாமலே அவர் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். லாரி தேனி ரோட்டில் திரும்பியது.