போகியில் எரிக்காத போர்வை

1983ஆம் வருடம் போகியன்று ஊரெல்லாம் மார்கழி முடிந்தது. அகரம்தென்னில் குப்பன் வீட்டில் மட்டும் முடியவில்லை. மறுநாள் தை பிறந்து எதிர்வீட்டுக் கூரையில் பளிச்சென்று வெயில் விழுந்தபோது, குப்பன் வீட்டு வேலிக்குள் முழங்கால் உயரத்துக்குப் பனி நின்றது. மாசியிலும் நின்றது. தாம்பரம் ரோட்டில் தார் உருகிச் செருப்பு ஒட்டிக்கொண்ட சித்திரையிலும் அந்த அரை ஏக்கரில் பூசணிக் கொடி பூத்துக்கொண்டே இருந்தது, ஒரு பிஞ்சு பிடிக்கவில்லை. விடியற்காலையில் வீட்டுக்குள் பஜனைக்காரர்களின் ஜால்ரா சத்தம் கேட்டது. தெருவில் யாரும் இல்லை. முதலில் பயந்த அக்கம்பக்கத்தார் பிறகு அந்தச் சத்தத்துக்கு எழுந்து பால் கறக்கப் பழகிக்கொண்டார்கள்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பக்கத்தில் ஒரு போர்வைக்கு ஒரு பனிதான் ஆயுள். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி, வயலில் கால் வைக்க முடியாமல் பெண்கள் வீட்டோடு அடைந்து கிடக்கும் நாட்களில் பழந்துணிகளை நாலைந்து அடுக்காக விரித்து, ஓரத்திலிருந்து உள்ளே ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே வந்து நடுவில் முடிச்சுப் போடுவார்கள். வீட்டில் இருக்கிற அத்தனை பேர் துணியும் அதில் இருக்க வேண்டும். போகி விடியலில் பழைய பாய், முறத்தோடு அதையும் நெருப்பில் போட்டுவிட வேண்டும். நல்ல போர்வையை இப்படிக் கொளுத்துகிறார்களே என்று டவுனிலிருந்து குடிவந்தவர்கள் வயிறெரிந்ததுண்டு. ஏன் என்று ஊரில் யாரும் கேட்டதில்லை, கேட்காமல் செய்ததால்தான் அதுவரை எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

குப்பன் திரிசூலத்தில் கல் உடைத்தவன். நுரையீரல் முழுக்கக் கல்தூசி. பொங்கலைத் தாண்டாது என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். அந்த வருடப் போர்வையை அவன் மனைவி காந்திமதி அவனுடைய வேட்டிகள், தன் புடவைகள், மகள் தனத்தின் தாவணிகள் எல்லாம் சேர்த்துத் தைத்திருந்தாள். தனம் கேளம்பாக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள், தையில் நாள். போகி விடியலில் ராத்திரியெல்லாம் இருமிய குப்பன் அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தான். காந்திமதி போர்வையின் முனையைப் பிடித்தாள். இழுக்கக் கை வரவில்லை. "தூங்கிக்கினு கீறாரு. இத்த உருவுனா இப்பவே பூடுவாரு. நெருப்பு எங்க ஓடிப் போவுது?" என்று மகளிடம் சொல்லிவிட்டு வெறும் பாயை மட்டும் கொண்டுபோய்ப் போட்டாள்.

குப்பன் சாகவில்லை. வெளியே பொங்கல் வந்து போனது, உள்ளே வரவில்லை. காந்திமதிக்கு அடக்க முடியாத சந்தோஷம். டாக்டரை ஏமாற்றிவிட்டோம், சாவையே ஏமாற்றிவிட்டோம் என்று இருந்தது. கத்திரி வெயிலில் ராஜகீழ்ப்பாக்கம் காலனியிலிருந்து பேங்க் ஆபீசர் ராஜகோபாலன் மடக்கு நாற்காலியும் பேப்பருமாக வந்து வேலிக்குள் உட்கார்ந்துகொண்டு போவார், காதில் மப்ளர் கட்டிக்கொண்டு. அவர் மனைவி சாவித்ரி இட்லி மாவைக் கொண்டுவந்து வைத்தாள், அங்கே வைத்தால் ஒரு வாரம் புளிக்காது. புளிக்காத மாவு பொங்கவும் பொங்காது என்பது பிறகுதான் தெரிந்தது.

தனத்துக்கு வலி எடுக்கவில்லை. ஆடி மாதம் சேலையூரில் பிரசவம் பார்க்கும் நர்சம்மா வேதசிரோமணியிடம் கூட்டிப்போனார்கள். புழுங்குகிற வெயிலில் தனத்தைச் சுற்றி மட்டும் பனி கூடவே நடந்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி முக்காடு போட்டுக்கொண்டாள். நர்சம்மா வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "கொழந்த நல்லாதான் இருக்கு. இன்னும் நாள் இருக்கும்மா, தை பொறந்ததும் வா" என்றார். சுவரில் ஆடி மாதக் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது, அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. மருமகன் ஞாயிற்றுக்கிழமை தோறும் உப்பள வேலைக்குப் போகாமல் பூ வாங்கிக்கொண்டு வந்தான், வெறுங்கையோடு திரும்பினான். பிள்ளை இல்லாமல் தலைச்சன் தாய் புருஷன் வீட்டுப் படி மிதிக்கக் கூடாது. கார்த்திகையில் ஒருநாள் தனம் அம்மாவின் கையை இழுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். "எம்மா, உள்ள பாப்பா நடுங்குதுமா." காந்திமதி கையை எடுக்கவில்லை. ஜால்ரா கேட்கும்போதெல்லாம் குழந்தை சுருண்டு சுருண்டு ஒடுங்குவது தோலின் மேல் தெரிந்தது. அவள் சந்தோஷம் அன்றைக்கே போயிற்று.

அடுத்த போகிக்கு முன்னால் காந்திமதி போர்வையை மடியில் போட்டுக்கொண்டு தனத்தின் தாவணிகளை மட்டும் தையல் பிரித்து எடுத்தாள். குப்பன் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னாமே, பிச்சிப் பிச்சி எடுக்குற? முச்சூடும் தூக்கிப் போடேன்" என்றான். "நீ சும்மா கெட" என்றாள் அவள். போகி நெருப்பில் தாவணிகள் எரிந்து சாம்பல் ஆறுவதற்குள் தனத்துக்கு வலி கண்டது. பிறந்தது ஆண் பிள்ளை. தலைமயிர் புல் மாதிரி பனியில் நனைந்திருந்தது. துடைத்தார்கள், மறுபடி நனையவில்லை. தனம் பிள்ளையோடு கேளம்பாக்கம் போய்ச் சேர்ந்தாள். நடுவில் ஓட்டை விழுந்த போர்வையின் கீழ் புருஷனும் பெண்டாட்டியும் மார்கழியிலேயே இருந்தார்கள்.

வருடங்கள் வேலிக்கு வெளியே போயின. மேடவாக்கம் பக்கம் அபார்ட்மெண்ட் வந்தது, தண்ணீர் லாரி வந்தது, ஏரியில் பாதி மனையாயிற்று. ராஜகோபாலன் ரிட்டயராகிக் கைத்தடியோடு வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார். தனம் பொங்கலுக்குப் பொங்கல் கரும்போடு வந்தாள். உப்பளத்து வெயில் அவளைக் கருக்கியது, கண்ணோரத்தில் கோடு விழுந்தது, பிள்ளை அவள் தோளுக்கு வளர்ந்தான். காந்திமதிக்கு ஒரு முடி நரைக்கவில்லை. குப்பன் அதே இருமலை இருமினான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை, ஒரு ராத்திரி விட்டுவைக்கவும் இல்லை.

1999 போகிக்கு முதல் நாள் காந்திமதி மகளுக்கு எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டிருந்தாள். சீப்பில் நரைமுடி கத்தையாக வந்தது. அவள் அதைச் சட்டென்று முந்தானைக்குள் மறைத்ததைக் குப்பன் பார்த்துவிட்டான். கட்டிலுக்கு எதிரே ஒரே வயதில் இரண்டு பொம்பளைகள் உட்கார்ந்திருந்தார்கள், யார் யாரைப் பெற்றது என்று அவனுக்கே ஒரு நிமிஷம் தட்டுக்கெட்டுப் போயிற்று.

"இன்னும் கொஞ்ச நாள்ல இவ கெழவியாவா காந்தி. அப்பால இவளத் தூக்கிப் போவாங்க. நாம ரெண்டு பேரும் குந்திக்கினு பாக்கணுமா? எனக்கு வாணாம். மூச்சு வுட்டு வுட்டு நெஞ்சு நொந்து பூட்ச்சிமே."

விடியலில் குப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, போர்வையை இழுத்துக்கொண்டு தெருவுக்கு நடந்தான். நடக்க ரொம்ப நேரம் பிடித்தது. தாங்கிப் பிடிக்கப் போன தனத்தைக் காந்திமதி தடுத்தாள். பிறகு தானே ஓடிப் போர்வையின் மறுமுனையைத் தூக்கினாள். இரண்டு பேருமாக நெருப்பில் போட்டார்கள். ஈரத்துணி மாதிரி முதலில் புகைந்தது, அப்புறம் நன்றாகவே எரிந்தது.

மறுநாள் அந்த வீட்டுக்குத் தை பிறந்தது. வெயில் வாசலில் ஏறி, உள்ளே வந்து, கட்டிலின் கால்மாட்டைத் தொட்டது. குப்பன் இருமாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பொங்கலில் ஒரு வாய் சாப்பிட்டு, "தித்திப்பு ஜாஸ்தி" என்றான். வெயில் அவன் முகத்துக்கு வந்தபோது இறந்திருந்தான். காந்திமதி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். அவன் போனதற்கு அழுதாள். இத்தனை வருடம் ஒரு மனுஷனைத் தூங்கவிடாமல் இருமவைத்தோமே என்று அதைவிட அதிகமாக அழுதாள்.

காரியம் முடிந்ததும் தனம் அவளைத் தன்னோடு கேளம்பாக்கத்துக்குக் கூட்டிப்போனாள். சித்திரையில் இரண்டு பேரும் உப்பள வேலைக்குச் சேர்ந்து போகும்போது பூக்காரி நிறுத்தி, "அக்கா தங்கச்சியா? யாரு மூத்தவ?" என்று கேட்டாள்.

"நான்தான்" என்றாள் தனம்.

வெயில் காந்திமதிக்குப் பழக்கமில்லை, கண் கூசி நின்றாள். தனம் அவள் முந்தானையை இழுத்துத் தலைக்குப் போட்டுவிட்டு, கையைப் பிடித்து ரோட்டைத் தாண்டிக் கூட்டிப்போனாள்.