ரசம் ஊற்றியவன்

மலைக்கிராமங்கள் சேர்ந்த திண்ணனூர் நாட்டில், தன் தங்கையின் கல்யாணப் பந்தியில் லோகநாதன் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தான். மனச்சிதைவு நோய்க்கு ஆறு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறவன். ஒரு நேரத்தில் ஒரு வேலை சொன்னால் பிசகாமல் செய்வான். பல குரல்கள் ஒன்றாக வந்தால் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் திகைத்துப்போவான்.

“தம்பி, இங்க ரசம்!”

“சோறு கொண்டாரச் சொல்லு!”

“தண்ணி எங்கப்பா?”

ஒலிபெருக்கியும் அலறியது. லோகநாதன் வாளியோடு அப்படியே நின்றுவிட்டான்.

இலை முன் உட்கார்ந்திருந்த பெரியசாமி மாமா கத்தினார். “இந்தக் கிறுக்கன் கையில வாளியக் குடுத்தது யாரு?”

பந்தியே சிரித்தது. பக்கத்தில் நின்றவன் வாளியைப் பிடுங்க வந்தான். லோகநாதனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போன மாதம் இதே மாமாவின் காட்டில் தனியாளாக மரவள்ளி பிடுங்கிக் கொடுத்தபோது அவன் கிறுக்கனாக இல்லை.

“உடுங்க!” என்று வாளியை இழுத்துக்கொண்டான். “எனக்குக் காது கேக்குதுங்க மாமா. எல்லாரும் ஒண்ணாக் கத்துனா ஒண்ணும் புரியறதில்ல. ஒவ்வொருத்தராக் கேளுங்க, ஊத்தறேன். அதுகூட முடியாதா உங்களுக்கு?”

சிரிப்பு நின்றது. ஆனால் சிரித்தது தப்பு என்று யாரும் சொல்லவில்லை. முதல் இலையில் இருந்த கிழவர் மட்டும், “எனக்குக் கொஞ்சம் ஊத்து சாமி” என்றார்.

ஊற்றினான். அடுத்த இலைக்கும் ஊற்றினான். கோபம் இறங்கவில்லை. பெரியசாமி மாமா சோற்றில் குழி பறித்துக் காத்திருந்தார். லோகநாதன் அவர் இலையைத் தாண்டிப் போனான்.