தண்ணீருக்குள் இறங்கிய மேடு

"இது கணக்கு இல்ல நேஜா, உன் ஆசை. அதத் தூக்கி எக்செல்ல போட்டு, கட்டம் கட்டிக் கலர் அடிச்சிருப்ப."

"முதல்ல ஷீட்டத் திறந்து பாரு, அப்புறம் பேசு."

"திறக்கவே மாட்டேன். நான் சரிபாக்கிறவன்."

கிரேகா சொன்னது அந்த அலுவலகத்தின் கறாரான வழக்கம். ஒருவர் போட்ட கணக்கைச் சரிபார்ப்பவர் அந்தத் தாளைக் கண்ணால் பார்க்கக் கூடாது. வெற்றுத் தாளில் தன் சொந்த வழியில் போட்டு விடைக்கு வர வேண்டும். இரண்டு விடைகளும் ஒத்துப்போனால்தான் கையெழுத்து. கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மண் இயந்திரவியல் படித்தவர்கள், இப்போது எதிரெதிர் மேசைக்காரர்கள் என்பதற்கெல்லாம் அங்கே சலுகை கிடையாது.

நேஜாவுக்கு உட்கார முடியவில்லை. பாதி தின்ற புரெக் ரொட்டி காகிதத்தில் ஆறிக் கிடந்தது.

தலைநகர் லூப்லியானாவுக்குத் தெற்கே, சதுப்பு நிலத்தில் அவளுடைய ஊர் ஓல்ஷ்யே. ஊரின் தன்னார்வத் தீயணைப்புப் படைக்குப் புது நிலையம் கட்ட வேண்டும். அவளும் அந்தப் படையில் ஒருத்தி. அடியில் இருப்பதோ ஈரப் பஞ்சு போன்ற கரிமண். அதற்கும் கீழே கத்தி வைத்தால் வெண்ணெயாக வழுக்கும் களிமண். அதன்மேல் நேரடியாகக் கட்டினால் சுவர் ஒரு பக்கம் இறங்கும், வாசல் சட்டம் கோணும். சைரன் அலறும் நாளில் கதவு திறக்காது, வண்டி உள்ளேயே நிற்கும். அதனால் போன ஆண்டு அந்த மனையில் மூன்று மீட்டர் உயரத்துக்கு மண்ணைக் கொட்டி மேடு எழுப்பினார்கள். மேட்டின் பாரத்தில் களி தன் தண்ணீரைக் கக்கிவிட்டு அமுங்கும். அமுங்கி முடிந்ததும் மேட்டை வாரி எடுத்துவிட்டு, இறுகிய தரையில் கட்டலாம்.

மொத்தம் நூற்று முப்பது சென்டிமீட்டர் இறங்கும் என்பது நேஜா போன ஆண்டு போட்ட கணக்கு. இறங்கியிருப்பது நூற்று நான்கு. இன்னும் ஐந்தில் ஒரு பங்கு பாக்கி. ஆனால் இலையுதிர்கால வெள்ளம் வாசலில் நிற்கிறது. இந்த வாரம் மேட்டை எடுக்காவிட்டால் கட்டுமானம் அடுத்த கோடைக்குப் போய்விடும். அதுவரை தீயணைப்பு வண்டி, இப்போது நிற்கும், சாய்ந்துகொண்டே வரும் பழைய மாட்டுக்கொட்டகையில்தான். அதன் கூரை இந்தக் குளிர்காலப் பனியைத் தாங்குமா என்பது யாருக்கும் தெரியாது.

இன்று காலை புரெக்கைக் கடித்தபடி பழைய தாளைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்தினாள். சுமை என்ற கட்டத்தில் சூத்திரம் இல்லை. வெறும் எண் இருந்தது. அவளே தட்டியது.

அவளுக்கு நினைவு வந்தது. சதுப்பில் தண்ணீர் தரையிலிருந்து ஒரு சாண் ஆழத்தில் நிற்கும். மேடு இறங்க இறங்க அதன் அடிப்பகுதி தண்ணீருக்குள் போகிறது. தண்ணீருக்குள் போன எதுவும் எடை குறையும். எடை குறைந்தால் இறக்கமும் குறையும். அப்படியென்றால் இறக்கம் தெரிய சுமை வேண்டும், சுமை தெரிய இறக்கம் வேண்டும். எக்செல் குழம்பிப்போய், கணக்கு தன்னையே சுற்றுகிறது என்று எச்சரித்தது. அன்றைக்கு அவசரம். அந்த எச்சரிக்கையின் வாயை அடைக்கத்தான் சுமையை மாறாத எண்ணாக எழுதிவிட்டுப் போயிருந்தாள்.

இன்று அந்த எண்ணை அழித்துச் சூத்திரத்தைத் திரும்ப வைத்தாள். சுற்றிக்கொள், உன் இஷ்டப்படி சுற்று என்று எக்செல்லின் அமைப்பை மாற்றிவிட்டாள். நூற்று முப்பது நூற்றைந்தாகக் குதித்தது. நூற்றுப் பதினொன்றாக ஏறியது. நூற்றுப் பத்துக்கு வந்து, அங்கேயே அசையாமல் நின்றது. முடிவு நூற்றுப் பத்து என்றால் நூற்று நான்கு என்பது கிட்டத்தட்ட முடிந்த கதை!

கிரேகா மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தான். அவன் மண்ணின் குணம், தண்ணீர், எடை எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. மேட்டின் அடியில் புதைத்த இரும்புத் தகடு மாதாமாதம் எவ்வளவு இறங்கியது என்ற அளவுகள் மட்டும்தான். வரைபடத்தில் ஒரு மாதத்து அளவு கிடை அச்சில், அதற்கு அடுத்த மாதத்து அளவு செங்குத்து அச்சில். புள்ளிகள் ஒரு கோட்டில் வரிசைகட்டின. இந்த மாதமும் அடுத்த மாதமும் ஒன்றாகிவிடும் இடத்தில் அந்தக் கோடு போய் முட்ட வேண்டும். அதற்குமேல் இறங்க எதுவுமில்லை.

நேஜாவின் கைபேசி அடித்தது. படைத்தலைவர் லோய்சே.

"உதவிக்கு!" என்றார். தீயணைப்புப் படையில் வணக்கமே அதுதான்.

"உதவிக்கு, தளபதி."

"எக்ஸ்கவேட்டர்காரன் காலைலேர்ந்து நிக்கிறான். என்னோட ஸ்லிவோவ்கா சாராய பாட்டில்ல பாதி காலி. உன் மண்ணு கீழ போகுதோ இல்லையோ, அது நல்லாக் கீழ போகுது."

"வண்டி ஓட்டறவருக்கு ஏன் ஊத்துறீங்க?"

"அவனுக்கு எங்க ஊத்தினேன்? கவலைல நான்தான் குடிச்சேன்."

"நேஜா" என்றான் கிரேகா. "உன் நம்பரச் சொல்லாத. வாயத் திறக்காத." திரையை அவள் பக்கம் திருப்பினான்.

நூற்றுப் பதினொன்று.

அவள் போட்ட கூச்சலில் பக்கத்து அறையில் யாரோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். "நூத்திப் பத்து கிரேகா! எனக்கு நூத்திப் பத்து!"

அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டான். "கடைசில எவ்வளவு இறங்கும்னு ரெண்டு பேரும் சொல்லிட்டோம். இப்ப எங்க நிக்குதுங்கறதுக்கு அந்தத் தகடு ஒண்ணுதான் சாட்சி. அது கோணிக்கிட்டுப் பொய் சொன்னா? களியையும் ஒரு வார்த்தை கேப்போம். அது சரின்னா நான் கையெழுத்துப் போடறேன்."

"கார் சாவி எங்க?"

"அதுக்குள்ள ஓடுறியே! உன் கோட்டு!"

ஓல்ஷ்யேயில், மேட்டின் நடுவில், களியின் ஆழம் வரை இறக்கிய மெல்லிய குழாய் ஒன்று நின்றது. களிக்குள் இன்னும் பாரம் தாங்கும் தண்ணீர் அகப்பட்டிருந்தால், அது குழாயில், மனையை ஒட்டி ஓடும் வாய்க்காலின் மட்டத்துக்கு மேலே, ஒரு முழத்துக்கும் அதிகமாக எழும்பி நிற்கும். ஒரு சாண் வரை பரவாயில்லை. கிரேகா மட்டக்கருவியில் வாய்க்காலைப் பார்த்துக் கணக்கிட்டு, ஒரு சாண் மன்னித்து, அளவு நாடாவில் சிவப்பாகக் கோடு போட்டுக் கொடுத்தான்.

"இந்தக் கோடு குழாய் வாய்க்கு வர்றதுக்கு முன்னாடி விசில் வந்தா, தண்ணி இன்னும் மேல நிக்குதுன்னு அர்த்தம், மேட்டத் தொடக் கூடாது. தாண்டி வந்தா எடுத்துரலாம். சரியா?"

நேஜா குழாயருகே மண்டியிட்டாள். நாடாவின் நுனி தண்ணீரைத் தொட்டால் சுருளிலிருந்து மெல்லிய விசில் வரும். கூடவே எரிய வேண்டிய விளக்கு எப்போதோ செத்துவிட்டது. படையில் பாதிப் பேர் மேட்டில் ஏறி நின்றிருந்தார்கள். யாரோ பந்தயம் கட்டினார்கள், யாரோ அதட்டினார்கள். எக்ஸ்கவேட்டர் உறுமிக்கொண்டிருந்தது.

நாடா இறங்கியது. ஒரு மீட்டர். இரண்டு. சிவப்புக் கோடு குழாயின் வாயை நெருங்கியது. விசில் வந்ததா, அல்லது இந்த இரைச்சலில் வந்தும் கேட்கவில்லையா? அவள் காதைச் சுருளோடு ஒட்டினாள். கோட்டுக்கும் வாய்க்கும் நடுவே ஒரு விரல் இடம்தான். நாடாவை அப்படியே இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தலையைத் தூக்காமல் கத்தினாள்:

"தளபதி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அந்த இஞ்சின நிறுத்தச் சொல்லுங்க! எல்லாரும் ஒரு நிமிஷம் மூச்சு விடாம இருங்க!"